காட்டுயிர்களைக் கவனிக்க ஒரு சிறு குடில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்குள்ளோ காட்டின் ஓரத்திலோ சின்னதாக ஒரு மரக்குடில் போட்டு, அதில் உட்கார்ந்து பறவைகளையும் விலங்குகளையும் பார்க்க வேண்டும், பார்த்ததை முறையாகக் குறித்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. மூன்று குடில்களை வரைந்து கட்டியிருக்கிறேன். அவற்றுள் பல நூறு மணிநேரம் உட்கார்ந்தும் இருக்கிறேன். பதில்கள் அந்த அனுபவத்திலிருந்து வருபவை.

எதிலிருந்து தொடங்குவது? வரைபடமா, இடமா?

இரண்டும் பிறகு. எந்த உயிரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மானும் காட்டுப்பன்றியும் மூக்கால் நம்மைக் கண்டுபிடிக்கும். பெரும்பாலான பறவைகள் கண்ணால் கண்டுபிடிக்கும். ஆந்தைக்குக் காது போதும். குடில் மறைக்க வேண்டியவை நம் மணம், ஓசை, அசைவு ஆகிய மூன்றும். சுவர் மறைப்பது உடம்பை மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் தனியாக யோசித்தாக வேண்டும்.

குடிலின் வடிவத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள், உள்ளீடற்ற பொம்மை மாடு ஒன்றை மாட்டுத்தோலால் செய்து அதற்குள் புகுந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். அற்புதமான முயற்சி. ஆனால் பறவைக்கு அது மாடாக இருக்க வேண்டிய தேவையில்லை என்பது பின்னால் வந்தவர்களுக்குப் புரிந்தது. அசையாமல், காற்றில் படபடக்காமல் ஒரே இடத்தில் நிற்கும் சதுரப் பெட்டியைப் பெரும்பாலான உயிர்கள் சில வாரங்களில் ஏற்றுக்கொள்கின்றன.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். முடிந்தால் ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவத்திலும் சில நாட்களாவது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் தவறான இடத்தில் நிற்கும் நல்ல குடிலைச் சரிசெய்ய வழியே இல்லை.

உட்காரும்போது காலடித் தடங்கள், எச்சம், பட்டையில் உரசிய தழும்பு, தண்ணீருக்குப் போகும் ஒற்றையடித் தடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொண்டே வாருங்கள். அடர்ந்த காட்டின் நடுவைவிட இரண்டு விதமான வாழிடம் சந்திக்கும் ஓரம், அதாவது மரக்கூட்டமும் புல்வெளியும் தொடும் கோடு, அல்லது ஓடையின் வளைவு, அதிகம் காட்டும்.

காற்றைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். கொஞ்சம் சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து தட்டினால், தெரியாத இழுப்பும் தெரியும். சரிவான நிலத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே போகும். மாலையில் நிலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். விடிந்து சற்று நேரம்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே காலையிலும் அந்தியிலும் பார்க்கிறவரின் குடில், விலங்குத் தடத்துக்குக் கீழ்ப்புறம் இருப்பது நல்லது. உச்சிப் பொழுதில் அதே குடில் நம் மணத்தை நேராகத் தடத்துக்கு ஏற்றி அனுப்பும். அந்த நேரத்தில் எழுந்து போய்விடலாம்.

வெயிலின் திசையும் முக்கியம். காலையில் பார்க்கிறவர் கிழக்கு நோக்கித் திறப்பு வைத்தால், எதிர்வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கறுத்த நிழலுருவாகத்தான் தெரியும். இறகின் நிறம் தெரியாமல் இனம் காண்பது பெரும்பாடு.

கடைசியாக, தலைக்கு மேலே பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் அந்த இடம் வேண்டாம். பட்டுப்போன மரங்களை வெட்டச் சொல்லவில்லை. மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் வௌவாலுக்கும் அவைதான் வீடு. மரம் நிற்கட்டும். குடில் அந்த மரத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளிப் போகட்டும்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

ஒருவருக்கு 6 × 8 அடி. இருவர் உட்கார்ந்து, ஒரு மூலையில் எழுதும் பலகையும் வைக்க 8 × 12 அடி. பிளைவுட் பலகை 8 × 4 அடி அளவில் வருவதால், இந்த அளவில் வெட்டிக் கழிப்பதும் குறைவு. அதற்கு மேல் போனால் ஆள் கூடும், பேச்சு கூடும். இரவு தங்கும் அறையும் வேண்டும் என்பவர்கள் அதைத் தனியாக, நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளிக் கட்டுவதே என் பரிந்துரை. சமைப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது எல்லாம் மணம் பரப்பும் வேலைகள்.

அடித்தளத்துக்கு கான்கிரீட் போடலாமா?

வேண்டாம். தோண்டினால் வேர் அறும். கான்கிரீட் கொட்டினால் மண் மூச்சடைக்கும். மரத்தின் பெரும்பான்மை வேர்கள் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள் பக்கவாட்டில் பரவுபவை. மர வல்லுநர்கள் சொல்லும் ஒரு கணக்கு கைகொடுக்கும்: அடிமரத்தின் குறுக்களவைப் போல் 12 மடங்கு தூரம்வரை வேர்க்காப்பு வட்டம். குறுக்களவு 50 செ.மீ. என்றால் 6 மீட்டர். அந்த வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். முடியவில்லை என்றால் திருகு போல மண்ணுக்குள் இறங்கும் இரும்புத் தூண்களைப் பயன்படுத்துங்கள். பள்ளம் தோண்ட வேண்டியதில்லை, பின்னாளில் திருகி வெளியே எடுத்துவிடலாம்.

தரைப்பலகை மண்ணிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும். அடியில் காற்று ஓடினால் மரம் உளுக்காது. கரையான் ஏறும் மண்குழாயையும் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

சத்தம் வராமல் எப்படிக் கட்டுவது?

இங்கேதான் நல்ல தச்சரின் கை தெரியும். ஆணி அடித்த பலகை காலப்போக்கில் தளர்ந்து, மிதிக்கும்போது கிறீச்சிடும். ஸ்குரூ போட்டு, குறுக்குச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் பட்டை கொடுங்கள். குறுக்குச்சட்டங்களை வழக்கத்தைவிட நெருக்கமாக, ஓரடிக்கு ஒன்றாக வையுங்கள். தரைமேல் தடித்த கம்பளியோ ரப்பர் விரிப்போ போட்டால் காலணியின் ஓசை அடங்கும்.

தாழ்ப்பாள் உலோகத்தில் வேண்டாம். மரக்கட்டையைச் சுழற்றும் பழைய முறை போதும். திறப்புகளின் மூடிகள் ஓசையின்றி உட்பக்கமாகத் திறக்க வேண்டும். நாற்காலியின் காலுக்குக் கம்பளித் துண்டு. காலில் உருளை வைத்த அலுவலக நாற்காலிகளும் மடக்கு நாற்காலிகளும் கிறீச்சிடும் என்பதால் நான் கனமான மரப் பலகை இருக்கையைத்தான் வைக்கிறேன்.

கூரைக்கு வெறும் தகரம் போட்டால் மழை பெய்யும்போது ஒன்றும் கேட்காது. வெயிலிலும் தகரம் விரிந்து சுருங்கிப் படபடவென்று வெடிக்கும். தகரம்தான் வேண்டும் என்றால் அடியில் பலகையும், நடுவே ஒலியை விழுங்கும் அடுக்கும் கொடுங்கள். இறவாணத்தை, அதாவது சுவரைத் தாண்டி நிற்கும் கூரை ஓரத்தை, இரண்டடி நீட்டுங்கள். மழைத்தண்ணீர் திறப்புக்கு முன்னால் சொட்டாது, உள்ளேயும் இருட்டு கூடும். கூரைத் தண்ணீரைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு எளிய கணக்கு: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர்.

ஜன்னல் எப்படி இருக்க வேண்டும்? பெரிய கண்ணாடி வைத்தால் நன்றாகத் தெரியுமே?

நமக்கு நன்றாகத் தெரியும், அவற்றுக்கும் நன்றாகத் தெரியும். கூடவே ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் நிஜம் என்று நம்பிப் பறவைகள் முட்டிச் சாகின்றன. அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் கிளெம் இதை 1970-கள் தொட்டு ஆராய்ந்து வருபவர். கண்ணாடி வைத்தே ஆக வேண்டும் என்றால், அதன் வெளிப்பரப்பில் 5 செ.மீ. இடைவெளிக்கு மிகாமல் புள்ளிகளோ கோடுகளோ நிறைத்துவிடுங்கள். உட்பக்கம் ஒட்டினால் வெளிப் பிரதிபலிப்பில் அது மறைந்துபோகும். பருந்து வடிவில் ஒற்றை ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயனில்லை. அதன் இரண்டு பக்கமும் வெற்றுக் கண்ணாடிதானே கிடக்கிறது.

நான் கண்ணாடியே வைப்பதில்லை. நீளமான, உயரம் குறைந்த திறப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்தக் கோட்டை நடுவாக வைத்து 20 அல்லது 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு பிளவு. அதன் கீழே முழங்கை ஊன்ற ஓரடி அகலப் பலகை. பைனாகுலரை அரைமணி நேரம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகையின் அருமை தெரியும். நீர்நிலையைப் பார்க்கும் குடிலானால் தரைக்கு ஒட்டி இன்னொரு திறப்பும் வையுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது ஒரு தவளையின் முகமும் வேறாகத் தெரியும்.

இன்னொன்று, எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். பின்பக்க வெளிச்சத்தில் உங்கள் தலை நிழலாக எழும். உட்சுவருக்கு மங்கலான அடர்நிறம் பூசுங்கள். நீங்களும் அடர்நிறத்தில் உடுத்துங்கள். இருட்டுக்குள் இருக்கும் மனிதனைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் வெளிறிய முகமும் கைகளும்தான். திறப்புக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி உட்காருங்கள்; லென்ஸை வெளியே நீட்டி ஆட்டாதீர்கள்.

ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி?

வெளியிலிருந்து பார்க்க அது முழு ஆடி. மேலே சொன்ன முட்டும் ஆபத்து அதில் இன்னும் கூடுதல். வெளிச்சத்தையும் குறைக்கும். உள்ளே விளக்கெரிந்தால் மறைப்பும் போய்விடும். சரிந்த கோணத்தில் படமெடுத்தால் தெளிவும் கெடும்.

வண்ணம், மெருகு ஏதாவது பூச வேண்டுமா?

மரத்தைப் பொறுத்தது. வைரம் பாய்ந்த மரம், அகன்ற இறவாணம், தரையிலிருந்து உயரம் இவை மூன்றும் இருந்தால் வெளிச்சுவர் பூச்சின்றியே சாம்பல் நிறமாகி நீண்ட காலம் நிற்கும். பெயின்ட் மணம் பல வாரம் அடங்காது. ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். காட்டில் இது விளையாட்டான செய்தி அல்ல.

குடிலுக்குப் போகும் பாதையைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

என் முதல் குடில் அங்கேதான் தோற்றது. சுவர், கூரை, திறப்பு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வாசலை நீர்க்குட்டையின் பக்கம் வைத்துவிட்டேன். நான் போகும் ஒவ்வொரு முறையும் எல்லாம் பறந்து போகும். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். கிளம்பும்போது மறுபடி அதே கலவரம். மறு ஆண்டு வாசலைப் பின்சுவருக்கு மாற்றிப் புதர்வேலிக்குப் பின்னால் வளைந்து வரும் நடைவழி போட்டேன். அதன் பிறகுதான் அந்தக் குட்டையில் என்னென்ன வருகின்றன என்பதே எனக்குத் தெரிய வந்தது.

ஆகவே வாசல் பின்னால். வழி நேராக இல்லாமல் ஒரு முறையாவது வளைய வேண்டும். இருபுறமும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி, அது வளரும்வரை மூங்கில் தட்டியோ காய்ந்த சுள்ளி அடைப்போ. சருகு நொறுங்காமல் இருக்க மண்பாதை அல்லது மரத்தூள். வாசலில் கனமான இரட்டைத் திரை தொங்கவிட்டால், கதவு திறக்கும்போது பாயும் வெளிச்சம் உள்ளே வராது. விடியுமுன் நுழைந்து, காடு தானாக அடங்கிய வேளையில் வெளியேறுங்கள்.

இரவில் எந்த விளக்கு?

முடிந்தவரை எதுவும் வேண்டாம். குறிப்பெடுக்க மங்கலான சிவப்பு விளக்கு போதும். பெரும்பாலான பாலூட்டிகளின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும். ஆனால் பல பறவைகளுக்குச் சிவப்பும் நன்றாகத் தெரியும், ஆகவே சிவப்பு என்றால் கண்ணுக்கே படாது என்று எண்ண வேண்டாம். நீலம் கலந்த வெள்ளை விளக்கு பூச்சிகளை இழுக்கும். பூச்சி வந்தால் அதைத் தின்பவையும் வரும், உங்கள் கணக்கு முழுதும் பிசகும்.

மின்சாரத்துக்கு மரநிழலில் சூரியத் தகட்டை நம்பாதீர்கள். இந்த அளவு தேவைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வெளியே சார்ஜ் செய்து தூக்கி வந்தால் போதும். அதில் 84 வாட்-மணி இருக்கும். 3 வாட் விளக்கு பல இரவுகள் எரியும்.

தீனி வைத்து வரவழைக்கலாமா?

எனக்கு உடன்பாடில்லை. விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் 1960-இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளைக் கவனிக்கத் தொடங்கினார். பின்னர் அவற்றை அருகில் வரவழைக்க வாழைப்பழம் வைக்கும் முறை அங்கே வந்தது. அந்தத் தீனி கூட்டத்துக்குள் சண்டையைக் கூட்டி, இயல்பான நடத்தையைக் குலைத்தது என்ற விமர்சனம் எழுந்து, பழம் வைப்பதும் குறைக்கப்பட்டது. தீனிக்கு வருகிற விலங்கைக் கவனித்தால், தீனிக்கு வருகிற விலங்கைப் பற்றித்தான் தெரிந்துகொள்வோம். ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்தால் நோயும் பரவும்.

ஆழமற்ற சிறு குட்டை ஒன்று வேண்டுமானால் வெட்டலாம். குடிலிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி. ஓரம் மெல்லச் சரிந்து, சிறு குருவிகள் குளிக்க 2 முதல் 5 செ.மீ. ஆழமாக, தப்பி ஒதுங்க இரண்டு மூன்று மீட்டருக்குள் புதர். தண்ணீரை அடிக்கடி மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும்.

கூடு கட்டும் மரத்தை ஒட்டிக் கட்டினால் நல்ல காட்சி கிடைக்குமே?

கிடைக்கும், கூடு கைவிடப்படலாம். நிலையான குடிலைக் கூட்டுக்குப் பக்கத்தில் கட்டவே கூடாது. கட்டுமான வேலையை இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே முடித்துவிடுங்கள். ஆபத்து நமக்கும் உண்டு. புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஒரு கூட்டருகே தன் மறைவிடத்தை நெருங்கியபோது ஆந்தை தாக்கியதில் இடக்கண்ணை இழந்தார். ஆந்தையைக் குறை சொல்ல முடியாது. அது தன் குஞ்சுகளைக் காத்தது.

குடிலுக்குள்ளேயே எலியும் வௌவாலும் குடியேறினால்?

எலியைத் தடுக்க வேண்டும். நோயும் வரும், ஒயரும் போகும். 6 மி.மீ. சந்து இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால் காற்றுவழிகளுக்கு அதைவிட நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். வௌவாலுக்கு நான் இடமே கொடுத்துவிடுவேன். வெளிச்சுவரில் 15 முதல் 20 மி.மீ. வாயுள்ள தட்டையான மரப்பெட்டி ஒன்றை உயரத்தில் பொருத்தினால் போதும். உள்ளறைக்குத் தொடர்பிருக்கக் கூடாது. தரைக்கு அடியில் பாம்பு ஒதுங்கலாம். விறகோ பலகையோ அங்கே அடுக்கி வைக்காதீர்கள். படியிறங்குமுன் விளக்கடித்துப் பாருங்கள்.

பார்ப்பது சரி. ஆய்வு என்று சொல்ல என்ன வேண்டும்?

ஒழுங்கு வேண்டும். எல்லாவற்றையும் பார்த்த வரிசையில் எழுதினால் கண்ணைக் கவர்ந்தவை மட்டும் குறிப்பில் நிறையும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை, நடத்தையைக் கவனிப்பதில் மாதிரி எடுக்கும் முறைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அதில் இரண்டு முறைகள் குடிலுக்கு மிகப் பொருந்தும். ஒன்று, ஒரே விலங்கைத் தேர்ந்து குறித்த நேரம் முழுதும் அதை மட்டும் தொடர்வது. மற்றது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்து, அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கூட்டம் முழுவதையும் ஒரு வீச்சில் குறிப்பது.

தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், காற்று, மேகம், வெப்பநிலை, எத்தனை பேர் இருந்தீர்கள் என்பவை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்க வேண்டும். ஒன்றுமே வராத நாளையும் எழுதுங்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் காணவில்லை என்பதும் ஒரு தரவுதான். அதை விட்டுவிட்டால் காடு எப்போதும் நிறைந்து வழிவதாக நோட்டுப்புத்தகம் பொய் சொல்லும்.

குடிலின் முன்னால் காண்பது காடு முழுவதன் நிலை ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. குட்டை வெட்டிய, புதர் திருத்திய, மனிதன் வந்துபோகும் இடம் அது. அதனால் விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராப் பொறிகள் இரண்டு மூன்றைக் குடிலிலிருந்து விலகிய இடங்களிலும் கட்டுங்கள். அவற்றின் உணரி, பின்புலத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு நகர்வதைக் கண்டு இயங்குவது. சுட்டெரிக்கும் நாளில் தவறவிடும். இரவுப் படத்துக்கு 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி தூரம் பாயும், ஆனால் செம்பொட்டாக மின்னும். 940 நானோமீட்டர் நம் கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. ஒலிக்கு ஆடியோமாத் போன்ற சிறு பதிவுக் கருவி இருக்கிறது. நொடிக்கு 3,84,000 மாதிரிகள்வரை எடுப்பதால், நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியும் பதிவாகும்.

அரிய உயிரினத்தைக் கண்டால் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் பகிராதீர்கள். வேட்டைக்காரர்களும் படிப்பார்கள்.

யானையோ கரடியோ உலவும் காட்டில்?

தனியாக வேண்டாம், மரக்குடிலும் வேண்டாம். அந்தக் காட்டை அறிந்தவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் உயரத்தில் மட்டும். எங்கானாலும் உள்ளே உணவு வைத்துவிட்டு வராதீர்கள். மணத்துக்குப் பழகிய கரடி கதவை உடைக்கக் கற்றுக்கொள்ளும். கடைசியில் உயிரை விடுவது பெரும்பாலும் கரடிதான்.

குளிருக்கு அடுப்பு வைக்கலாமா?

கவனிப்புக் குடிலில் வேண்டாம். புகை மணம் ஒருபுறம். மூடிய சிற்றறையில் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். கம்பளியும் வெந்நீர்க் குப்பியும் போதும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு?

முதல் வரைபடத்திலேயே இடம் கொடுங்கள். பிறகு ஒட்டவைத்தால் சரிவராது. 12-க்கு 1 என்ற சரிவு, 90 செ.மீ. வாசல், உள்ளே திரும்ப 150 செ.மீ. வட்டம், ஒரு திறப்பின் கீழாவது முழங்கால் நுழைய 70 செ.மீ. வெற்றிடம். அந்தத் திறப்பு சற்றுத் தாழ்வாக இருந்தால் குழந்தைகளும் அங்கே உட்கார்ந்துகொள்வார்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

ஆம். நிலம் சொந்தமானாலும் வனம், கட்டடம் சார்ந்த சட்டங்களைக் கேட்டறியுங்கள். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் சொந்தக் குடில் என்ற எண்ணமே வேண்டாம்.

ஒரு நாள் குடில் தேவைப்படாமல் போனால்?

ஓசைக்காக மட்டுமல்ல, அந்த நாளுக்காகவும்தான் ஸ்குரூ போட்டுக் கட்டச் சொன்னேன். கூரையைக் கழற்றி, சுவர்ப் பலகைகளைச் சுமந்து வெளியேற்றி, தூண்களைத் திருகி எடுங்கள். கம்பிவலைத் துண்டு, ரப்பர் பட்டை, உதிர்ந்த ஸ்குரூ ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். காந்தம் கட்டிய கோல் ஒன்று இதற்கு உதவும். வௌவால் பெட்டியில் குடியிருந்தால் அதை மட்டும் ஒரு கம்பத்தில் அங்கேயே விட்டுவிடுங்கள். நடைவழியின் உயிர்வேலியில் அதற்குள் கூடுகள் இருக்கும். அதையும் தொட வேண்டாம்.